மூன்றாம் நாள் வெயில்: ஓட்டு வேலைக்குப் போன ஒரு தம்பியின் மரணம்

இறந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஓடு பிரித்து மாற்றும் வேலை. கத்திரி வெயிலில் ஒரு வீட்டின் பின்கட்டுக் கூரையில் மூன்றாம் நாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நிலை தடுமாறினான். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடந்து, விடியும் முன்னே போய்விட்டான்.

ஊரில் இதை மூன்று விதமாகப் பேசுகிறார்கள். சின்ன வயதிலேயே மாரடைப்பு என்கிறார்கள் சிலர். உச்சி வேளையில் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்கிறார்கள் சிலர். மூன்றாவது பேச்சுதான் அவன் அம்மாவைத் தூங்கவிடவில்லை: பையன் குடித்துவிட்டு ஏறியிருக்கிறான், அதனால்தான் என்று. அந்த அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டு, "குடிச்சிட்டுச் செத்தான்னு பேசுறாக தம்பி. என்ன ஆச்சுன்னு நீங்க விசாரிச்சு எழுதிக் குடுங்க" என்று கேட்டார். கட்டடத் தளங்களில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தவன் நான். எங்கள் வீட்டு ஓட்டையும் அவன் மாமாவின் செட்டுதான் மாற்றிக் கொடுத்தது. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். கூட வேலை பார்த்தவர்கள், அந்த வீட்டுக் காவல்காரர், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எல்லாவற்றையும் வைத்து அந்த மூன்று நாளையும் கோத்துப் பார்த்தேன். பேர், ஊர், வீடு எதையும் எழுத வேண்டாம் என்பது குடும்பத்தின் விருப்பம். ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன். நான் அவனைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி குடிக்கவில்லை. அவனுக்கு இதயக் கோளாறு இருந்ததாக எந்தச் சீட்டிலும் இல்லை. அவன் உயிரை எடுத்தது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்பத் தாக்கு. அது வராமல் தடுத்திருக்கலாம். வந்த பிறகும் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கு வேண்டிய தண்ணீர் அவன் கிடந்த இடத்திலிருந்து பத்து எட்டுத் தூரத்தில், இரண்டு டிரம் நிறைய இருந்தது.

கூரை மேல் அவன்

செட்டிநாட்டு வீட்டுக் கூரையை மேலே ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. கூரையைத் தாங்குகிற சாய்வு மரமான கைமரத்தின் மேல் குறுக்காக ரீப்பர் சட்டம் அடித்து, தட்டோடு பரப்பி, அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓட்டைக் கவிழ்த்தும் மலர்த்தியும் அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். பல வீடுகளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று வருகிறவர்கள் எல்லாரும் உள்ளேதான் படம் எடுக்கிறார்கள். அந்த வீடு இன்னும் நிற்பது கூரையின் தயவில். குரங்கு குதித்தும், அரசங்கன்று வேர்விட்டும், காற்றில் நழுவியும் ஓடு உடைந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்துச் சரிபார்க்காமல் விட்டால் ஒழுக்கு கைமரத்துக்கு இறங்கி, மரம் உளுத்துப்போகும். மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்க முடியாது. ஆக, இந்த வேலைக்கென்று இருக்கிற காலமே வெயில் காலம்தான்.

அந்த ஓட்டின் மேல் நடக்கத் தெரிய வேண்டும். தெரியாதவன் ஏறினால் பழுது பார்ப்பதைவிட உடைப்பது அதிகமாக இருக்கும். தம்பி பத்தாவது முடித்த கையோடு மாமாவின் செட்டில் கையாளாகச் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் அதைக் கற்றுக்கொண்டான். கீழே கைமரம் ஓடுகிற கோட்டை மேலிருந்தே கணித்து அந்தக் கோட்டின் மேல்தான் கால் வைப்பான். பிரித்த ஓட்டைச் சும்மா தூக்கிப் போட மாட்டான். இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது விரல்முட்டியால் இரண்டு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பான். கணீரென்று வந்தால் ஒரு பக்கம், சொத்தென்று வந்தால் இன்னொரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட இப்படிப் பிடித்துவிடுவான். எங்கள் வீட்டில் பாதிக்கு மேல் புது ஓடு வாங்க வேண்டியிருக்கும் என்று நான் பணம் எடுத்து வைத்திருந்தேன். "புதுசு எதுக்குண்ணே? இது உங்க ஐயா காலத்து ஓடு. இன்னும் அம்பது மழை தாங்கும்" என்று சொல்லி, நல்ல ஓட்டையெல்லாம் திண்ணையோரமாக அடுக்கிக் காட்டினான். அந்த ஓடுகள்தான் இன்றைக்கும் எங்கள் தலைக்கு மேலே இருக்கின்றன.

அதிகம் பேச மாட்டான். தை 3ஆம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு என்றால் மட்டும் வாய் ஓயாது. மாடு பிடிக்கிற ஆள் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். எந்த மாடு எந்த ஊர், போன வருஷம் எப்படிப் பாய்ந்தது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மாமா மேல் அவனுக்கு இருந்த மரியாதையையும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் அது இந்த விசாரணைக்கே தேவைப்படும். அப்பா இல்லாத வீடு. தாய்மாமாதான் எல்லாம். அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேச மாட்டான்.

சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்க வேண்டும், அதாவது அங்கே வேலைக்குப் போவதற்கான தொழில் தேர்வு எழுத வேண்டும் என்பது அவன் திட்டம். இந்தப் பக்கத்துப் பையன்களில் பாதிப்பேரின் திட்டம் அது. அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். போன ஐப்பசியில் ஓட்டு வேலை நின்றதும், மாமா செட்டுக்குத் திரும்பாமல், ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பூக்கல் பட்டறையில் சேர்ந்தான். நிரந்தர வேலை, நிழலில் வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, சாந்து போட்டு நிரவி, இறுகிய பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற வேலை. நாள் முழுக்கக் கை ஈரத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தான். கூலி ஓட்டு வேலையைவிடக் குறைவு.

சித்திரை கடைசியில் மாமாவுக்கு ஒரு பெரிய வீடு வந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தில் மணிவிழா, ஊரிலேயே நடத்துகிறார்கள், அதற்குள் கூரை முடிய வேண்டும். வீட்டுப் பராமரிப்பு முழுவதையும் எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர், கூரையை மட்டும் சதுரக் கணக்கில், பரப்புக்கு இவ்வளவு என்று, மாமாவுக்குக் கொடுத்திருந்தார். நாள் குறைவு, ஆள் போதாது. "ரெண்டு வாரம் வந்துட்டுப் போடா" என்று மாமா கூப்பிட்டார். டெஸ்ட்டுக்குச் சேர்க்கிற காசில் பெரிய பங்கு இதில் தேறும் என்று தம்பியும் வந்தான்.

மூன்று நாள்

முதல் நாள், திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு ஏறி, நடுவில் சாப்பாட்டுக்கு இறங்கி, ஐந்து மணி வரை வேலை. பின்கட்டுக் கூரை தெற்குப் பார்த்தது. நிழல் என்பதே கிடையாது. சாயங்காலம் தலைவலி என்றான். ராத்திரி கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கம் இல்லை. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். ரொம்ப நாள் கழித்து ஏணி ஏறியதால் வந்த வலி என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அது வெயில் கொடுத்த முதல் எச்சரிக்கை: வேர்வையில் உப்பு வெளியேறி வருகிற தசைப் பிடிப்பு.

இரண்டாம் நாள் மத்தியானச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒரு சோடா குடித்தான். மதியத்துக்கு மேல் இரண்டு தடவை ஓட்டு வரிசையை மாற்றிப் போட்டுவிட்டுப் பிரித்துப் போட்டான். அவன் கையில் நடக்காத தப்பு அது. "பட்டறையில இருந்துட்டு வந்து கை மறந்துபோச்சா?" என்று கூட இருந்த கொத்தனார் கேலி பண்ணியிருக்கிறார். தண்ணீர் கீழே, கிணற்றடியில். குடிக்க வேண்டுமானால் ஏணியில் இறங்கி ஏற வேண்டும். ஒரே ஒரு பாட்டில் மேலே போனது, அது ஏழு பேருக்கு.

மூன்றாம் நாள் காலையில் ஒரு டீ மட்டும். பதினொரு மணி வரை வழக்கம்போல வேலை. பதினொன்றரைக்குக் கையிலிருந்த ஓடுகள் நழுவி, சரிவில் உருண்டு முற்றத்தில் விழுந்தன. மாமா சத்தம் போட்டார். அதற்குத் தம்பி திருப்பிச் சொன்னது: "உன் வேலைய நீ பாருய்யா." கூரையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு முகம் செத்துப்போனது. "ஓரமாப் போய் உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். குடித்திருக்கிறான் என்ற பேச்சு பிறந்த இடம் அதுதான்.

அவன் உட்காரவில்லை. முகட்டோரமாக நடந்தான், கால் பின்னியது, கைமரக் கோடு இல்லாத இடத்தில் மிதித்து ஓட்டை உடைத்தான். "பட்டறைக்கு நேரமாச்சு, கல்லைத் தொட்டியில போடணும்" என்றான். இரண்டு பேர் பிடித்து ஏணி வழியாக இறக்கி, வளவில், உள்முற்றத்தைச் சுற்றிய நிழலான பகுதியில், கல் தரையில் படுக்கவைத்தார்கள். அப்போது மணி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு. உடம்பு அனலாகக் கொதித்தது என்று தொட்ட எல்லாரும் சொல்கிறார்கள். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது என்றும் எல்லாரும் சொல்கிறார்கள்.

எலுமிச்சம்பழச் சாறு புகட்டப் பார்த்தார்கள்; வாந்தி எடுத்தான். சிறிது நேரத்தில் வலிப்பு வந்தது. கையில் சாவியைத் திணித்தார்கள். வண்டி தேடி ஆள் ஓடியது. ஒரு மணிக்குச் சற்று முன் ஆட்டோ வந்து, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே ஜுரத்துக்கு ஒரு ஊசி, கையில் குளுக்கோஸ் பாட்டில். உடம்புச் சூட்டை அளந்து எழுதியதாகச் சீட்டில் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அங்கேதான் முதன்முதலாக ஆசனவாய் வழியாகச் சூடு பார்த்தார்கள்: 107 டிகிரி ஃபாரன்ஹீட். பணியில் இருந்த நர்ஸும் டாக்டரும் ஒரு நொடி தாமதிக்கவில்லை. ஐஸ் வரவழைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஃபேனை மேலே திருப்பி, ஒரு மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டார்கள். ஆனால் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை அந்தச் சூட்டில் உள்ளே வெந்த உறுப்புகள் திரும்பவில்லை. மறுநாள் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் இறங்கியது. மதுரைக்கு மாற்றி டயாலிசிஸ் தொடங்கினார்கள். கல்லீரலும் கைவிட்டது, ரத்தம் உறையும் தன்மையை இழந்தது.

உடம்புக்குள்ளே

"இந்த மண்ணுல பொறந்து இந்த வெயில்ல வளர்ந்தவன், இவனுக்கு வெயிலா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெயில் பழக்கம் பிறப்போடு வந்து நிலைத்து நிற்பது அல்ல. ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வெயிலில் படிப்படியாக வேலை செய்தால்தான் அது உடம்புக்கு வருகிறது. பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகமாக வேர்க்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும், ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடியிருக்கும், அதே வேலைக்கு இதயம் குறைவாகவே துடிக்கும். வேலையை விட்டு ஒரு வாரம் விலகினாலே இது குறைய ஆரம்பித்து, ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். ஆறு மாதம் நிழலில் ஈரக் கையோடு கல் செய்தவன், ஓட்டு வேலையில் கைதேர்ந்தவனாக இருந்தாலும், அந்தத் திங்கட்கிழமை வெயிலுக்குப் புது ஆள்தான். கை பழகியிருந்தது, உடம்பு பழகவில்லை. கை பழகியிருந்ததே அவனுக்கு ஆபத்தாகவும் போனது: புதுப் பையனாக இருந்தால் கீழே ஓடு எடுத்துக் கொடுக்க நிறுத்தியிருப்பார்கள், தேர்ந்தவன் என்பதால் முதல் நாளே முழு நாளும் மேலே.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறது. வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதல் நாளிலேயே இறக்கிறார்கள்; 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். அதனால்தான் புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டு என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள். வேலை தெரிந்து, இடைவெளி விட்டுத் திரும்புகிறவருக்கு முதல் நாள் பாதி, அப்புறம் 60, 80, நான்காம் நாள்தான் முழுசு. தம்பி நான்காம் நாள் வேலையைப் பார்க்கவே இல்லை.

உடம்பு வேலை செய்யும்போது செலவாகிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற வேர்வை காய வேண்டும். தெற்குச் சரிவில் மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து ஓட்டின் அனல், இரண்டும் சேர்ந்து உடம்புக்குள் சூட்டை ஏற்றுகின்றன. வானொலியில் சொல்கிற 40 டிகிரி செல்சியஸ் என்பது காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் எடுத்த அளவு. கூரை மேல் இருப்பவனுக்கு அந்த எண் பொருந்தாது. உள்சூடு 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, புத்தியும் தடுமாற ஆரம்பித்தால் அது வெப்பத் தாக்கு. வேர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலரும் நம்புகிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிற வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி. உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுகிற இளவயதுக்காரனுக்கு உடம்பு வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். "வேர்த்துக்கிட்டுத்தானே இருந்தான்" என்று அன்றைக்கு அவர்கள் ஆறுதல் பட்டதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

சூட்டில் முதலில் தடுமாறுவது மூளை. எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாட்டம், நாக்குக் குழறல், எல்லாம் குடித்தவனைப் போலவே இருக்கும். மாமா எதிரில் உட்காராத பையன் நாலு பேர் முன்னால் அவரை எடுத்தெறிந்து பேசினான் என்றால், பேசியது அவன் திமிர் அல்ல; சூட்டில் கொதித்துக்கொண்டிருந்த மூளை. அவனை அறிந்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைக்கு எல்லாரும் கேட்ட முதல் அபாய மணி. அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை என் கண்ணால் பார்த்தேன். மது வாடை இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

பத்து எட்டு

வளவில் அவன் கிடந்த இடத்தையும் டிரம் இருந்த இடத்தையும் நான் நடந்து பார்த்தேன். சுண்ணாம்பு குழைக்க நிரப்பி வைத்த இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம். பின்னால் கிணறு; அந்தக் கோடையிலும் வற்றவில்லை.

சித்தாள் வேலை பார்த்த ஒரு அம்மா அன்றைக்கு அந்த டிரம்மிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்திருக்கிறார். தலையில் ஊற்றக் குனிந்தபோது, வயதில் மூத்த ஒருவர் தடுத்தார். "கொதிக்கிற உடம்புல பச்சத்தண்ணி ஊத்தினா ஜன்னி கண்டுரும், வை கீழே." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை அது. அந்த அம்மா குடத்தைத் தூணோரம் வைத்துவிட்டு, முந்தானையை நனைத்து நெற்றியில் மட்டும் ஒற்றியிருக்கிறார். "ஊத்தியிருந்தா பிழைச்சிருப்பானாய்யா?" என்று என்னைக் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது என்றேன். தடுத்தவரின் பேரை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜன்னி கண்டுவிடும் என்பது தவறு. வெப்பத் தாக்குக்கு இருக்கிற ஒரே மருந்து குளிர்ச்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மவுத் என்ற ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் 7 மைல் ஓட்டப்பந்தயம் ஒன்று நடக்கிறது. 18 வருஷத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், அங்கே வெப்பத் தாக்கில் விழுந்தவர்கள் 274 பேர். பந்தயம் முடிகிற இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அவர்களை இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். முதலில் குளிரவை, அப்புறம் வண்டியில் ஏற்று என்பதுதான் மருத்துவர்கள் இன்று சொல்கிற முறை. அரை மணி நேரத்துக்குள் உள்சூட்டை 102-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். தொட்டியும் ஐஸும் இல்லாவிட்டால் தார்ப்பாயில் கிடத்தி நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீர் ஊற்றி அலசலாம். அதுவும் இல்லையென்றால் சட்டையைக் கழற்றிவிட்டு, குடம் குடமாக ஊற்றிக்கொண்டே முறத்தாலோ அட்டையாலோ விசிறலாம். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிறுத்தாமல் இதைச் செய்ய வேண்டும். வாயில் எதையும் புகட்டக் கூடாது. நினைவு சரியாக இல்லாதவனுக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஜுர ஊசியும் மாத்திரையும் இதற்குக் கேட்காது. ஜுரத்தில் மூளையே சூட்டின் அளவைக் கூட்டி வைக்கிறது, மருந்து அதைக் குறைக்கிறது. இங்கே மூளை கூட்டவில்லை. வெளியேற வழியில்லாமல் சூடு தேங்கி நிற்கிறது.

நிழலில் கிடத்தினோமே என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். வளவு குளுமையான இடம்தான். ஆனால் உள்ளே 107 இருக்கிற உடம்பை நிழல் மட்டும் இறக்காது. அந்த ஒரு மணி நேரம் முழுக்க எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள். அவன்மேல் அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. எது மருந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இத்தனை வருஷமாக இத்தனை பேர் வெயிலில் கூரை ஏறுகிற ஊரில் அதைச் சொல்லித் தர ஒரு ஏற்பாடும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

காகிதம்

இறந்த அன்று உறவுக்காரர்கள் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்றார்கள். போன பிள்ளையை அறுப்பானேன் என்று. செய்ய வைத்தது அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரின் வார்த்தை. சந்தேக மரணமாகப் பதிந்து பிரேதப் பரிசோதனை நடந்தது. வெப்பத் தாக்கில் இறந்த உடலில் இதுதான் என்று காட்டுகிற தனி அடையாளம் கிடையாது. உயிரோடு இருந்தபோது எடுத்த சூட்டின் அளவும், விழுந்த சூழ்நிலையும்தான் சாட்சி. அந்த 107 என்கிற ஒற்றை எண்ணை அரசு ஆஸ்பத்திரியில் எழுதி வைக்காமல் விட்டிருந்தால், இன்று சீட்டில் மாரடைப்பு என்று இருந்திருக்கும், ஊரும் அதையே சொல்லியிருக்கும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு; இறப்புக்கு அதுதான் காரணம் என்று சான்று வேண்டும். வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே வருகிற உரிமை. கீழ்க் கான்ட்ராக்டில் வேலை செய்தவனுக்கு மேல் கான்ட்ராக்டரும் பொறுப்பு. தம்பி கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யவில்லை. அவன் கூடப்பிறந்த இளையவன் இப்போது மாமா செட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு முதல் வேலையாக அம்மா அந்தப் பதிவை முடித்துவிட்டார்.

செட்டில் இப்போது நடக்கிற மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு ஏறிப் பத்தரைக்கு இறங்கிவிடுகிறார்கள். மிச்ச வேலை சாயங்காலம் நாலுக்கு மேல். பிரித்த பகுதிக்கு மேலே சவுக்குக் கட்டையில் தார்ப்பாய் கட்டிக்கொள்கிறார்கள். இடைவெளி விட்டு வருகிறவன் முதல் மூன்று நாள் பாதி நேரம்தான் மேலே. மீதி நேரம் கீழே நிழலில் ஓடு தட்டிப் பிரிக்கிறான். அரை நாளுக்கு அரைக் கூலி என்றால் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான், அதனால் முழுக் கூலி. தண்ணீர்க் குடம் கூரைக்கே போகிறது. பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், சாப்பாட்டு நேரத்தில் உப்புப் போட்ட மோர். தண்ணீர் குடித்தால் மட்டும் போதும், வெப்பத் தாக்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது, ஓய்வும் நிழலும் சேர்ந்தால்தான் காவல் என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். சதுரக் கணக்கில் வேலை எடுக்கும்போது கத்திரி நாட்களுக்கு என்று கூடுதல் நாள் கேட்கிறார் மாமா. கொடுக்காத கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைகளை விட்டுவிடுகிறார்.

இழப்பீட்டு மனு தொழிலாளர் துறையில் இருக்கிறது. மேல் கான்ட்ராக்டர் தரப்பில் பையன் குடித்திருந்தான் என்றே பதில் கொடுத்திருக்கிறார்கள். மாமா சாட்சி சொன்னால் அது நிற்காது. ஆனால் சொன்னால் இந்த வட்டாரத்தில் அவருக்கு வேலை வருவது குறையும். போன வாரம் அவரே என் வீட்டுக்கு வந்து, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "நாள் குறைச்சது யாருன்னும் எழுதுங்க. என்னையப் பேசினதையும் அப்படியே எழுதுங்க. அதை மறைச்சா அவன் குடிச்சிருந்தான்னுதான் ஆகும்" என்றார். இரண்டையும் சேர்த்து எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்த விசாரணைக்கு அந்தச் சித்தாள் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.